ஒப்பந்தம் கையில் இருக்கும்போதே ‘சம்பளத்தை உயர்த்து, இல்லாட்டி ஆட மாட்டேன்’ என்று காற்பந்து ஆட்டக்காரர் அடம்பிடிப்பது நியாயமா?

கேட்பது நியாயம். ஆட வராமல் உட்கார்ந்துகொள்வது பெரும்பாலும் முட்டாள்தனம். ஆனால் கேள்வியில் ‘பேராசை பிடித்தவன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. 2025-இல் ஸ்வீடன்காரர் அலெக்சாண்டர் இசாக், லிவர்பூலுக்குப் போவதற்காக இங்கிலாந்தின் நியூகாசல் கிளப்புக்கு ஆட வராமல் அடம்பிடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறீர்கள், இனி ரசிகர்கள் அவரை மன்னிப்பார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். நான் லிவர்பூல் ரசிகன், அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்ப்பது என் வேலை. அதனாலோ என்னவோ, இந்த மாதிரிச் சண்டை வரும்போது ஆள் எவ்வளவு கேட்கிறான் என்று நான் பார்ப்பதே இல்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது, வெளியே அவனை வாங்க இன்னொருவன் பணத்தோடு நிற்கிறானா என்ற இந்த இரண்டைப் பார்த்தால் போதும், யார் ஜெயிப்பார் என்று பாதி தெரிந்துவிடும்.

கணக்கு இப்படி. ஒரு கிளப் 60 மில்லியன் பவுண்டு கொடுத்து ஒருவரை வாங்கி ஐந்து வருட ஒப்பந்தம் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 60-ஐ ஒரே வருடத்தில் செலவாக எழுத மாட்டார்கள், கம்பெனி லாரிக்குத் தேய்மானம் எழுதுவது மாதிரி வருடத்துக்குப் பன்னிரண்டு பன்னிரண்டாக எழுதுவார்கள். மூன்று வருடம் போனால் கணக்குப் புத்தகத்தில் அவர் மதிப்பு 24. அன்றைக்கு அதற்கு மேல் எவ்வளவு விலைக்கு விற்றாலும் லாபம். ஐந்தாவது வருடம் முடிந்துவிட்டால் புத்தகத்திலும் பூஜ்யம், கையிலும் பூஜ்யம், ஆள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அதனால்தான் கடைசி இரண்டு வருடம் நெருங்கும்போது கிளப் முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பிக்கும். ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு ஆட்டக்காரர் முன்கூட்டியே கையெழுத்துப் போடலாம் என்று ஃபிஃபா விதியே இருக்கிறது. இங்கிலாந்தில் ஆடுகிறவர் வெளிநாட்டுக் கிளப்போடு ஜனவரியிலேயே பேசி முடித்துவிடலாம்.

இசாக் 2022-இல் ஸ்பெயினின் ரியால் சொசியடாட் கிளப்பிலிருந்து கிட்டத்தட்ட அந்த விலைக்குத்தான் வந்தார், 2028 வரை ஒப்பந்தம். அதாவது 2025 ஜூலையில் இன்னும் மூன்று முழு வருடம் பாக்கி. சட்டப்படி அவர் கையில் ஒன்றுமே கிடையாது. ஆனால் வெளியே லிவர்பூல் நின்றது. அதற்கு முந்திய பருவத்தில் 23 லீக் கோல் போட்டிருந்தார், லண்டன் வெம்ப்லி மைதானத்தில் அதே லிவர்பூலுக்கு எதிராகக் கோல் அடித்து நியூகாசல் 70 வருடமாகக் காத்திருந்த உள்நாட்டுக் கோப்பையை வாங்கிக் கொடுத்திருந்தார். வாங்க ஆள் உண்டு, காலம் மட்டும் அவர் பக்கம் இல்லை. அந்த நிலையில் இருக்கிறவனுக்கு மிஞ்சுவது வேலைக்கு வராமல் இருப்பதுதான், அதைத்தான் செய்தார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு நியூகாசல் பைத்தியம் உண்டு. ஊரே மான்செஸ்டர், லிவர்பூல் என்று இருக்கும்போது இவன் மட்டும் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தான் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஜூலையில் நியூகாசலும் ஆர்சனலும் சிங்கப்பூரில் ஆடின. பையன் முதுகில் இசாக் பெயரும் 14-ஆம் நம்பரும் போட்ட புது ஜெர்சியோடு ராத்திரி பஸ் ஏறினான். இசாக் வரவே இல்லை. தொடையில் லேசான காயம் என்றது கிளப். கொஞ்ச நாளில், பழைய கிளப்பான சொசியடாட்டின் மைதானத்தில் அவர் தனியாகப் பயிற்சி செய்கிறார் என்று செய்தி வந்தது. “தொடையில காயம்னா ஸ்பெயின்ல என்னடா பண்றான் இவன்?” என்று மேசைக்கு மேசை வந்து கேட்டான். ஆகஸ்டில் இசாக், கிளப் கொடுத்த வாக்கை மீறிவிட்டது என்று இன்ஸ்டாகிராமில் எழுதினார், நாங்கள் அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்று கிளப் பதில் சொன்னது. செப்டம்பர் 1-ஆம் தேதி 125 மில்லியன் பவுண்டுக்கு லிவர்பூல் வந்து சேர்ந்தார். பிரிட்டனில் அதற்கு முன் யாருக்கும் அவ்வளவு விலை போனதில்லை. ஜெர்சி இப்போது பழைய சாமான் விற்கும் கரோசல் செயலியில் பாதி விலைக்குக் கிடக்கிறது, வேண்டுமானால் சொல்லுங்கள்.

ஜெயித்துவிட்டார் என்றுதான் தோன்றும். ஆனால் பருவத்துக்கு முந்திய பயிற்சியை அணியோடு செய்யாத உடம்பு, எத்தனை மில்லியன் கொடுத்தாலும் அணியோடு செய்யாத உடம்புதான். லிவர்பூலில் முதல் லீக் கோல் வர நவம்பர் 30 ஆனது.

இதையே லிவர்பூலின் முகமது சலா எப்படிச் செய்தார் என்று பாருங்கள். இதுவும் அடம்தான், ஆனால் இது வேறு ரகம். 2025 ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது, வயது 32, கிளப் வாயே திறக்கவில்லை. 2024 நவம்பரில் சவுத்தாம்ப்டன் ஆட்டம் முடிந்ததும் நிருபர்களிடம் நின்று, இன்னும் எதுவும் பேசவில்லை, இருப்பதைவிடப் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். ஒரு பயிற்சிக்குக்கூட மட்டம் போடவில்லை. வாரா வாரம் கோல் போட்டு, ஒவ்வொரு கோலுக்கும் விலையை ஏற்றிக்கொண்டே போனார். 29 லீக் கோல், 18 கோலுக்கு உதவி, கோப்பையும் வந்தது. ஏப்ரலில் கிளப்பே பேனாவை நீட்டி இரண்டு வருடம் நீட்டித்தது. அதே கிளப்பில், அதே பருவத்தில், அதே ஜூனில் ஒப்பந்தம் முடிந்த அலெக்சாண்டர்-ஆர்னால்ட் கடைசிவரை ஆடிவிட்டு ரியல் மாட்ரிட் போய்விட்டார். சில வாரம் முன்னாலேயே விடுவிப்பதற்காக மாட்ரிட் கொடுத்த சுமார் பத்து மில்லியன் யூரோதான் லிவர்பூலுக்கு மிஞ்சியது.

இப்படிக் காலம் முடிந்ததும் கிளம்பிப் போகும் உரிமையே சும்மா வந்ததல்ல. ஜான்-மார்க் போஸ்மன் என்ற பெல்ஜியக்காரரின் ஒப்பந்தம் 1990-இல் முடிந்தது, கிளப் சம்பளத்தைக் கால்வாசியாகக் குறைத்துக் கொடுத்தது, வேண்டாம் நான் போகிறேன் என்றால் வாங்கும் கிளப்பிடம் மாற்றுத்தொகை, அதாவது ஆளை விடுவதற்கான விலை, கேட்டுப் போகவும் விடவில்லை. ஒப்பந்தமே முடிந்த ஆளை! ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்ல 1995 டிசம்பர் ஆனது, அதற்குள் அவர் ஆட்ட வாழ்க்கை போயே போய்விட்டது. பலன் முழுக்கப் பின்னால் வந்தவர்களுக்கு.

வேலைநிறுத்தம் செய்தவர்களில் பியர் வான் ஹூய்டோங்க் கதை மோசமானது. 1998-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப் இவரோடு கோல் போட்ட கெவின் காம்பெலை விற்றுவிட்டது என்று கோபித்துக்கொண்டு நவம்பர் வரை வரவில்லை. திரும்பி வந்து கோல் போட்டபோது சொந்த அணிக்காரர்களே பக்கத்தில் வரவில்லை, அந்தப் பருவம் அணி கடைசி இடத்தில் முடிந்து கீழே இறங்கியது. அடம்பிடித்துச் சுத்தமாக ஜெயித்தவர் என்றால் கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் காற்பந்தில் எம்மிட் ஸ்மித். 1993-இல் சம்பளத்துக்காக அவர் ஒதுங்கி நின்றபோது, அவர் இல்லாமல் டல்லாஸ் அணி முதல் இரண்டு ஆட்டத்திலும் தோற்றது, முதலாளி உடனே கையெழுத்துப் போட்டார், அந்த வருடம் சாம்பியனும் ஆனார்கள். நம் ஆட்டத்தில் இவ்வளவு வேகமாக வேலை நடப்பதில்லை.

“கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் பேச்சு மாறலாமா?” என்று செந்தூல் மாமாக் கடையில் ஒரு அங்கிள் எப்போதும் கேட்பார். சரி அங்கிள், கிளப் பேச்சு மாறுவதில்லையா? ரஹீம் ஸ்டெர்லிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் லிவர்பூல் கொடுத்த வாரம் ஒரு லட்சம் பவுண்டை வேண்டாமென்றதும் இங்கிலாந்தே அவரைப் பணப்பேய் என்றது, 49 மில்லியனுக்கு மான்செஸ்டர் சிட்டி போனார். பத்து வருடம் கழித்து அதே ஆள் செல்சியில், 2027 வரை ஒப்பந்தம் இருந்தும், முதல் அணியோடு சேர்க்காமல் ஓரமாகத் தனியாகப் பயிற்சி செய்யவைக்கப்பட்டார். நீயாகப் போய்விடு, சம்பளம் மிச்சம் என்பதுதான் அதன் பொருள். ஆட்டக்காரர் வராவிட்டால் துரோகி, கிளப் ஒதுக்கி வைத்தால் நிர்வாகத் திறமை. இந்தப் பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நம் ஊருக்கு வருவோம். இங்கே கதையே தலைகீழ். இங்கே சண்டை கூடுதல் சம்பளத்துக்கு இல்லை, எழுதிக் கொடுத்த சம்பளத்துக்கு. 2023 பருவத்துக்கு மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் ஆகிய இரண்டு கிளப்புக்கும் லீக்கில் ஆட உரிமம் கிடைக்காமல் போனதற்குச் சம்பள பாக்கிதான் காரணம். பட்டர்வொர்த்தில் இருக்கும் என் சித்தப்பா மகன் வடக்கே ஒரு கிளப்பில் ஆடினான். பெயர் வேண்டாம். ஒப்பந்தத்தை என்னிடம் காட்டினான், மலாயில் சில பக்கம், ஒரே ஒரு பருவத்துக்கு. வாய்வார்த்தையில் பேசிய தொகையில் பாதிதான் சம்பளம் என்று அச்சில் இருந்தது, மிச்சம் ‘அலவன்ஸ்’ என்று தனியாக ஒரு கடிதத்தில், அதில் கிளப் முத்திரைகூட இல்லை. ஓய்வுகாலச் சேமநிதியான ஈபிஎஃப் எந்தத் தொகைக்குப் பிடிப்பார்கள் என்று கேட்டேன், அதெல்லாம் பிடிக்கிறார்களா அண்ணே என்று திருப்பிக் கேட்டான்.

முதலில் அலவன்ஸ் நின்றது. அப்புறம் சம்பளம் பாதியாக வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. மாநிலத்திலிருந்து பணம் வர வேண்டும், அடுத்த வாரம் வரும், ஹரி ராயாவுக்கு முன் வந்துவிடும் என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே இருந்தார். மைவி காருக்கு மாதத் தவணை கட்டச் சொல்லி வங்கியிலிருந்து கடிதம் மேல் கடிதம். “அண்ணே, பிராக்டிஸுக்குப் போகாம இருந்தா என்ன ஆகும்?” என்று போன் பண்ணினான். போகாமல் மட்டும் இருந்துவிடாதே, அப்புறம் ஒப்பந்தத்தை மீறியவன் நீதான் என்று அவர்கள் ஃபைலில் எழுதிக்கொள்வார்கள் என்றேன். ஃபிஃபா விதி 2018-லிருந்து தெளிவாகச் சொல்கிறது: இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து, அதற்கும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம், தப்பு கிளப் மேல். தொழில்முறை ஆட்டக்காரர்கள் சங்கமான பிஎஃப்ஏஎம் இந்த மாதிரி விஷயத்தைத்தான் வருடக்கணக்காகத் தூக்கிக்கொண்டு அலைகிறது. தம்பியும் அவர்களிடம் போனான். சம்பள பாக்கி தவணை தவணையாக வந்தது. முத்திரையில்லாத கடிதத்துக்கு ஒரு வெள்ளி வரவில்லை.

அவன் சலா மாதிரி ஆடி விலையை ஏற்றியிருக்க முடியாதா என்று கேட்காதீர்கள். பினாங்கு அணியின் ஃபாயிஸ் சுப்ரி 2016-இல் பாஹாங்குக்கு எதிராக அடித்த ஃப்ரீ கிக், பந்து பாதி வழியில் மனசு மாறித் திசை திரும்பியதே, அதற்கு வருடத்தின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஸ்காஸ் விருது கொடுத்தார்கள், ஜூரிக்கில் போய் வாங்கினார். அதற்கப்புறம்கூட ஐரோப்பாவிலிருந்து எந்தக் கிளப்பும் வரிசையில் வந்து நிற்கவில்லை. உள்ளூரில் 2014-லிருந்து லீக்கை விடாமல் ஜெயிக்கும் ஜோகூர் டாருல் தக்சிம் (ஜேடிடி) கிளப் கூப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வாங்க இன்னொருவன் இல்லாத ஊரில், ஒரு வருட ஒப்பந்தக்காரன் ஆட மாட்டேன் என்றால், சரி போய் வா என்று சொல்லி அடுத்த நாள் வேறு பையனைக் கூட்டி வருவார்கள்.

தம்பி இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டான், வார இறுதியில் அவர்கள் அணிக்கு ஆடுகிறான், ஈபிஎஃப், தொழிலாளர் காப்புறுதியான சொக்சோ எல்லாம் ஒழுங்காகப் பிடிக்கிறார்கள்.

மன்னிப்பார்களா என்ற கேள்விக்கு: மாட்டார்கள். கடைசி நாள்வரை ஒழுங்காக ஆடிய அலெக்சாண்டர்-ஆர்னால்டுக்கே 2025 மே மாதம் ஆர்சனல் ஆட்டத்தில், பிறந்து வளர்ந்த ஊரின் ஆன்ஃபீல்ட் மைதானத்திலேயே, பந்தைத் தொட்டபோதெல்லாம் ஊளைச் சத்தம். இசாக்குக்கு நியூகாசலில் அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, டிக்கெட் எடுத்தவன் கத்தத்தான் செய்வான். அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு அவர் கேட்டது தப்பா சரியா என்று முடிவு செய்யாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.