சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் கேன்சருக்கு வேலை செய்யுமா? மார்பக கேன்சர் ஆபரேஷன் முடிஞ்ச எங்க அம்மாவுக்கு சுகர் இல்ல, இருந்தும் கொடுக்கலாமா?

நீங்களா வாங்கிக் கொடுக்காதீங்க, ப்ளீஸ்.

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு மெடிக்கல்ல பார்மசிஸ்ட்டா இருக்கேன். இந்தக் கேள்வியோட கடைக்கே ஆள் வர்றாங்க. சமீபத்துல ஏற்காட்டுல இருந்து ஒரு அண்ணன், காப்பி எஸ்டேட்ல வேலை, அவர் சம்சாரத்துக்கும் இதே கேன்சர், மெட்ஃபார்மின் கேன்சருக்கு வேலை செய்யும்னு வாட்ஸ்அப்ல வந்த மெசேஜ காட்டி "சுகர் மாத்திரைதானுங்களே, ஒரு அட்டை குடுங்க"ன்னாரு. டாக்டர் சீட்டு இல்லாம தர முடியாதுங்ணான்னு சொல்லி உக்கார வெச்சு பேசுனேன், அவர்கிட்ட சொன்னதத்தான் இங்கயும் எழுதுறேன்.

அந்த மெசேஜ் முழுப் பொய்யும் இல்ல. 2005-ல ஸ்காட்லாந்துல சுகர்காரங்க ரெக்கார்டை எடுத்துப் பாத்தப்ப மெட்ஃபார்மின் சாப்பிட்டவங்களுக்கு கேன்சர் கம்மியா வந்திருந்துச்சு. லேப்லயும் காரணம் கிடைச்சுது, செல்லுக்கு எனர்ஜி கொடுக்குற மைட்டோகாண்ட்ரியாவ இந்த மருந்து மந்தமாக்குது, அதனால வளரு வளருன்னு போற சிக்னல் குறையுது, ரத்தத்துல இன்சுலினும் இறங்குது. ஆனா இந்த மாதிரி பழைய ரெக்கார்டு ஆராய்ச்சிகள்ல ஒரு சிக்கல் இருக்கு, ரொம்ப வருஷம் மாத்திரை சாப்பிட்டவர்னு கணக்குல வரணும்னாலே அத்தன வருஷம் அவர் உயிரோட இருந்திருக்கணும்ல, அப்ப மருந்து நல்லது பண்ண மாதிரி தெரியத்தான் செய்யும்.

உங்க அம்மா மாதிரி ஆளுங்களுக்கே சோதனை நடந்திருக்கு. கனடா தலைமையில எம்.ஏ.32-ன்னு பேரு, மார்பக கேன்சர் ஆபரேஷன் முடிஞ்ச, சுகர் இல்லாத 3,649 பேர், பாதிப் பேருக்கு 850 மி.கி. தினம் ரெண்டு வேளை 5 வருஷம், மீதிப் பேருக்கு டம்மி மாத்திரை. 2022-ல ரிசல்ட் வந்துச்சு, கேன்சர் திரும்பி வர்றதுல பெருசா ஒரு வித்தியாசமும் இல்ல. படிச்சப்ப எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, ஏழைங்க கைக்கு எட்டுற மருந்தாச்சே இது.

லேப்ல செல்லு மேல போட்ட டோஸ், நாம மாத்திரை முழுங்குனா ரத்தத்துல வர்ற அளவைவிட பல மடங்கு ஜாஸ்தி. அதனாலதான் இப்ப மூலக்கூறையே மாத்துறாங்க. மெட்ஃபார்மினோட அண்ணன் மாதிரி ஃபென்ஃபார்மின்னு ஒண்ணு, வீரியம் ஜாஸ்தி, ஆனா ரத்தத்துல லாக்டிக் ஆசிட் ஏறி உயிருக்கே ஆபத்தாகி 1970-கள்லயே பல நாடுகள்ல நிறுத்திட்டாங்க. அமெரிக்காவுல மெட்ஃபார்மின்ல பாசிட்டிவ் சார்ஜ் உள்ள ஒரு துண்டை ஒட்டி மைட்டோ-மெட்னு செஞ்சாங்க, மைட்டோகாண்ட்ரியா அதைத் தன்னால உள்ள இழுத்துக்கும், கணையக் கேன்சர் செல்கள்ல சாதா மெட்ஃபார்மினைவிட கிட்டத்தட்ட 1000 மடங்கு வீரியம்னு 2016-ல எழுதியிருந்தாங்க. என் நம்பிக்கை இந்த வழியிலதான். ஆனா அது லேப்ல செல்லுல பாத்தது, கடையில வாங்குற மாத்திரை அது கிடையாது.

இதப் படிக்கிற வேற யாராவது வீட்டுல சுகருக்காக ஏற்கனவே மெட்ஃபார்மின் போயிட்டிருந்தா பயந்து நிறுத்தாதீங்க. ஊசி மருந்து ஏத்தி சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னா மட்டும் மெட்ஃபார்மின் சாப்பிடுறத முன்னாடியே சொல்லி கிரியேட்டினின் ரிப்போர்ட்டையும் காட்டுங்க, கிட்னி சரியில்லாதவங்களுக்கு கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கச் சொல்லுவாங்க.