எந்த மொழியில் மிகச் சுருக்கமாகச் சொல்ல முடியும்?

எதை எண்ணப் போகிறீர்கள்? சொல்லையா, எழுத்தையா, பேச ஆகும் நேரத்தையா? அதைப் பொறுத்துப் பதில் மாறும்.

'வரமாட்டாராம்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். வருகை, மறுப்பு, மரியாதை, 'நானாகச் சொல்லவில்லை, கேட்டதைச் சொல்கிறேன்' என்று நழுவும் அந்த 'ஆம்', எல்லாம் ஏழே எழுத்தில் முடிந்துவிட்டன. ஆங்கிலத்துக்கு ஐந்தாறு சொற்களாவது வேண்டும். அப்போதும் மரியாதை வந்து சேராது.

ஆனால் கைப்பேசிக்கு நம் எழுத்துக் கணக்கு தெரியாது. 'மா' என்றால் அதற்கு இரண்டு: மகரம் ஒன்று, கால் ஒன்று. மெய்யின் புள்ளிக்கும் தனிக் கணக்கு. ஆக, ஏழு பன்னிரண்டாகிவிடும். போதாக்குறைக்கு, ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம் என்றால் தமிழுக்கு 70தான். ஒரு மருத்துவமனையின் குறுஞ்செய்திகளைச் சில மாதங்கள் மொழிபெயர்த்தேன். நான் பார்த்துப் பார்த்துச் சுருக்கிய வரிகள்கூட இரண்டு செய்திகளாக உடைந்து, கட்டணம் இரட்டிப்பானது. கணக்குப் பிரிவில் என்னை முறைத்தார்கள்.

ஜப்பானியத்தின் கதை வேறு. ட்விட்டர் 2017இல் 140 எழுத்து வரம்பை 280 ஆக்கியபோது சீனம், ஜப்பானியம், கொரியம் மூன்றுக்கும் பழைய வரம்பையே வைத்தது. எழுத்தில் அவ்வளவு சிக்கனம். பேச்சிலோ ஜப்பானியம் வாய் ஓயாத மொழி. 2019இல் 17 மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு வெளியானது. ஜப்பானிய அசைகள் படபடவென்று ஓடினாலும் ஒவ்வொன்றும் சுமப்பது கொஞ்சம்தான். வியட்நாமிய அசைக்குச் சுமை அதிகம், நடை மெதுவு. கூட்டிக் கழித்தால் எல்லா மொழிகளும் நொடிக்குச் சுமார் 39 பிட் (தகவலை அளக்கும் அலகு) என்ற அளவைச் சுற்றியே நிற்கின்றன. அந்தப் பதினேழில் தமிழ் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

என்னைக் கேட்டால், ஒரு மொழி எதைச் சொல்லாமல் விட இடம் கொடுக்கிறது என்பதுதான் சுவாரசியம். 'டாக்டர் நாளை வரமாட்டார்' என்று எழுதி அனுப்பினேன். அதை மீண்டும் ஆங்கிலமாக்கிச் சரிபார்த்தவர், "ஆணா, பெண்ணா?" என்று கேட்டார். தமிழ் வரிக்கு அந்தக் கவலையே கிடையாது. அடுத்த வாரம் என் முறை வந்தது. அறுவை சிகிச்சைத் தேதியை 'we' முடிவு செய்வோம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. நோயாளியும் சேர்ந்தா, மருத்துவர்கள் மட்டுமா? 'நாம்' என்று போடுவதா, 'நாங்கள்' என்று போடுவதா? ஆங்கிலத்தில் எழுதியவருக்கே அது தோன்றியிருக்கவில்லை. இரண்டு நாள் யாரையோ விசாரித்துவிட்டு, 'நாங்கள்' என்று போடச் சொன்னார்.