தள்ளிப்போகும் கீமோ

வணக்கம் சார்,

ஆம்பூரில் பிளஸ் ஒன் படிக்கிறேன். அம்மா ஷூ கம்பெனியில் வேலை பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து வேலூரில் கீமோ போகிறது. இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவதுக்குப் போனவர்களை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பாவைக் கேட்டால், “கவுன்ட் இல்லையாம், அடுத்த வாரம் வரச் சொன்னாங்க, நீ போய்ப் படி” என்கிறார். நாலு வாரம் தள்ளிப்போனாலே உயிருக்கு ஆபத்து அதிகம் என்று போனில் படித்தேன். அதிலிருந்து தூக்கம் வருவதில்லை. அம்மா முன்னால் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இதற்குள் நோய் பரவிவிடாதா? ஒருநாள் நானும் கூடப் போகலாம் என்றால் லீவு போடக் கூடாது என்கிறார்கள். பெயர் வேண்டாம் சார்.

தம்பி,

நான் டாக்டர் இல்லை. உன் அம்மாவின் ரிப்போர்ட்டைப் பார்த்தவனும் இல்லை. அதனால் பரவும், பரவாது என்று நான் சொன்னால் அது சும்மா வாய்வார்த்தை. ஆனால் அப்பா சொன்ன அந்த ஒரு வரியிலேயே நீ தேடுகிற பதிலில் பாதி இருக்கிறது.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் செல்களும் வேகமாகப் பெருகுபவைதான். அவையும் சேர்த்து அடிவாங்கும். மருந்து ஏறி 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்து, பிறகு மெல்ல ஏறும். மார்பகப் புற்றுநோய்க்கான பல கீமோக்களை 21 நாள் இடைவெளியில் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு முறையும் முதலில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் பொதுவாக 1,500 இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்பா சொன்ன ‘கவுன்ட்’ அநேகமாக இந்த எண்ணிக்கைதான். சில இடங்களில் 1,000 இருந்தாலே போடுவதும் உண்டு. அதற்கும் கீழே இருக்கும்போது மருந்தை ஏற்றினால் சாதாரணத் தொற்றே உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஆகவே திருப்பி அனுப்பியது உன் அம்மாவைக் கவனிக்காமல் விட்டதாக ஆகாது. கவனித்ததால்தான் அனுப்பினார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் இப்படித் தள்ளிப்போவது கீமோ எடுப்பவர்களிடம் அடிக்கடி நடப்பதுதான்.

நீ படித்தது, 2020இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் பற்றிய செய்தியாக இருக்கலாம். 34 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது அது. நோயைக் கண்டுபிடித்த பிறகு சிகிச்சையைத் தொடங்குவதிலும், அறுவை முடிந்து அடுத்த சிகிச்சையை ஆரம்பிப்பதிலும் நான்கு வாரம் தாமதமானால் என்ன ஆகும் என்பதுதான் அதில் கேள்வி. நடந்துகொண்டிருக்கும் கீமோவில் கவுன்ட் ஏறக் காத்திருப்பது வேறு விஷயம். நடுராத்திரியில் போன் இந்த வித்தியாசத்தை எல்லாம் சொல்லாது, தலைப்பை மட்டும் காட்டிப் பயமுறுத்தும்.

அதற்காகத் தாமதம் எல்லாமே நல்லது என்று சொல்லவில்லை. காப்பீட்டு அனுமதி வரவில்லை, பயாப்சி ரிப்போர்ட் எங்கோ மாட்டிக்கொண்டது என்றால் அது வேறு வகை. அதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, பின்னாலேயே அலைய வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை என்றால் ஆஸ்பத்திரியிலேயே அதற்கென்று கவுன்ட்டர் இருக்கும். அங்கே போய்க் கேட்க வேண்டும். எந்த வகைத் தாமதம் என்று தெரியாமல் இருப்பதுதான் உன் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நினைக்கிறேன்.

அம்மாவின் ஃபைலில் ரத்தப் பரிசோதனைத் தாள்கள் இருக்கும். எடுத்துத் தேதிவாரியாக அடுக்கு. நியூட்ரோபில் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வா. அதைக் காட்டி அப்பாவிடம், “இது மட்டும்தான் காரணமா, அடுத்த தடவையும் ஏறலைன்னா என்ன பண்ணுவாங்களாம்?” என்று கேள். ஊசி போட்டு ஏற்றுவார்களா, மருந்தின் அளவைக் குறைப்பார்களா என்று டாக்டர் சொல்லுவார். ‘நீ போய்ப் படி’ என்பவர் உன்னை ஒதுக்கவில்லை. பதில் தெரியாத கேள்வியை நீ கேட்டுவிடுவாயோ என்று அவருக்கும் பயம். நீயே தாளோடு போய் உட்கார்ந்தால் அநேகமாகப் பேசிவிடுவார்.

அப்புறம், தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வை. இந்த வேலையை நீ எடுத்துக்கொள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் வீட்டில் பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியும்வரை பார்க்காதீர்கள், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கவுன்ட் குறைந்தவருக்குக் காய்ச்சல் அவசரம். மாதுளை, பீட்ரூட், ஆட்டு ஈரல் என்று சொந்தக்காரர்கள் வரிசையாகச் சொல்வார்கள். சுத்தமாகச் சமைத்து, நன்றாக வேகவைத்ததைச் சாப்பிடட்டும், பலம்தான். வெள்ளை அணு அதனால் ஏறிவிடாது. பப்பாளி இலைச் சாறு மாதிரி எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

அம்மா முன்னால் சிரிப்பதைப் பற்றி எழுதியிருந்தாய். பெற்றவளுக்கு அது தெரியாமலா இருக்கும்? “பயமா இருக்குமா” என்று ஒருநாள் சொல்லிவிடு. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத ராத்திரியில் 14416க்குப் போன் செய். டெலி மானஸ், அரசு நடத்துவது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். வகுப்பு ஆசிரியருக்கும் விஷயம் தெரியட்டும்.

லீவு பற்றிக் கேட்டாயே, ஒருநாள் போடலாம். காட்பாடியில் இறங்கி பஸ் பிடித்து நீயும் கூடப் போ. வங்காளத்திலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் வந்து, லாட்ஜில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கவுன்ட்டுக்காகக் காத்திருப்பவர்கள் அங்கே நிறைய இருப்பார்கள். நோட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போ. டாக்டர் அறைக்குள் அப்பா உன்னையும் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று இதைப் படித்தால் அவருக்கும் சொல்லிக்கொள்கிறேன்.