44 ஆட்டங்கள் – கடிதம்

அன்புள்ள சார்,

அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏ 2025இல் சீசனை 44 ஆட்டமாக நீட்டியதைப் போன கட்டுரையில் கடிந்திருந்தீர்கள். ஆண்கள் லீக்கான என்பிஏவில் 82 ஆடுகிறார்கள், யாரும் கேட்பதில்லை. பெண்கள் என்றால் மட்டும் உடம்பு தாங்காதா? இன்னொன்று, சீசன் நீண்டால் பழைய சாதனைகளுக்கு என்ன மதிப்பு?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உடம்பைப் பற்றி நான் பேசவே இல்லை. ஆள் போதாது என்றுதான் சொன்னேன். என்பிஏ அணியில் 15 பேர், போதாதற்கு கீழ்நிலை லீக்கிலும் இங்கேயும் ஆடும் இரட்டை ஒப்பந்தக்காரர்கள் 3 பேர். டபிள்யூஎன்பிஏவில் 2025இல் அதிகபட்சமே 12. ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்புக்குப் பயந்து 11 பேரோடு ஓட்டிய அணிகளும் உண்டு. 1997இல் லீக் தொடங்கியபோது 28 ஆட்டம். 2003இலிருந்து 2019வரை 34. அப்புறம் 2022இல் 36, 2023இல் 40, 2025இல் 44. இவ்வளவையும் அந்த வருடம் மே நடுவில் தொடங்கி செப்டம்பர் 11க்குள் முடித்தாக வேண்டியிருந்தது.

2025இல் இண்டியானா ஃபீவர் அணிக்கு நடந்ததைப் பாருங்கள். அணியின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க் காயங்களால் 13 ஆட்டத்தோடு சரி. ஆகஸ்டில் ஃபீனிக்ஸில் ஒரே ஆட்டத்தில் சிட்னி கோல்சனுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது, ஆரி மெக்டொனால்டுக்குப் பாதத்தில் எலும்பு முறிந்தது. பந்தை முன்னால் கொண்டுபோகும் கார்டுகள் இருவரும் ஒரே ராத்திரியில் போய்விட்டார்கள்! காயத்தால் ஆள் குறைந்தால் கூடுதலாக ஒருவரைச் சேர்க்கலாம் என்ற லீக்கின் நெருக்கடிகால விதியைக் காட்டி ஒடிஸி சிம்ஸை அவசர ஒப்பந்தத்தில் அழைத்து வந்தார்கள். அந்த அணிதான் அரையிறுதியில் லாஸ் வேகாஸ் ஏசஸை ஐந்தாவது ஆட்டத்தின் கூடுதல் நேரம்வரை இழுத்தது. அது வீராங்கனைகளின் தில். அட்டவணை போட்டவர்களுக்கு அதில் பங்கில்லை.

நியாயமாகச் சொன்னால், லீக் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2024இலிருந்து எல்லா அணிகளுக்கும் தனி விமானம் கொடுத்தார்கள். அதற்கு முன் பெரும்பாலும் சாதாரணப் பயணிகள் விமானத்தில், ஆறடிக்கு மேலான உடம்பை மடக்கிக்கொண்டுதான் போய் வந்தார்கள். ஆனால் சம்பளம்? லீக்குக்கும் வீராங்கனைகள் சங்கத்துக்கும் இடையிலான 2020 ஒப்பந்தப்படி வருடத்துக்கு 3 சதவீதம்தான் ஏறியது. 36 ஆட்டம் 44 ஆகும்போது வேலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. 2025இல் லீக்கின் நட்சத்திரங்கள் மோதும் ஆல்ஸ்டார் ஆட்டத்தன்று ‘எங்களுக்குத் தர வேண்டியதைத் தாருங்கள்’ என்று சட்டையில் எழுதிக்கொண்டு வீராங்கனைகள் பயிற்சிக்கு வந்தது சும்மா இல்லை.

சாதனைகளுக்கு வருகிறேன். ஒரே சீசனில் அதிகப் புள்ளி என்ற சாதனையை எடுத்துக்கொள்வோம். 2006இல் டயானா டராஸி 34 ஆட்டத்தில் 860 புள்ளி எடுத்தார். 2023இல் ஜூவல் லாயிட் 38 ஆட்டத்தில் 939. ஆட்டத்துக்கு டராஸியின் சராசரி 25.3, லாயிடுக்கு 24.7. ஆக, லாயிடுடையது நீண்ட சீசன் தந்த சாதனை என்றால் தப்பில்லை. ஆனால் மறு வருடமே ஆஜா வில்சன் 38 ஆட்டத்தில் 1,021 எடுத்தார். சராசரி 26.9. அதே வேகத்தில் வெறும் 34 ஆடியிருந்தாலும் 900ஐத் தாண்டியிருப்பார். மொத்தத்தைப் பார்க்கும்போது சராசரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், போதும்.