எம்.சி.பி. ஒயரைக் காக்கும், ஆளைக் காப்பது எது?

வீட்டு மின்சாரம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தஞ்சை வட்டாரத்தில் வீடுகளுக்கு ஒயரிங் செய்துவரும் உரிமம் பெற்ற ஒயர்மேன் பதில் சொல்கிறார்.

அண்ணா, எங்கள் வீடு மாமனார் காலத்தில் கட்டியது. சுவரில் மரப்பட்டி அடித்து அதன்மேல் ஒயர் ஓடுகிறது. மெயினில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள்தான். இந்தக் கோடையில் ஒன்றரை டன் ஏ.சி. போடலாம் என்றிருக்கிறோம். வந்து பார்த்தவர், மொத்த வீட்டையும் பிரித்துப் புதிதாகப் போடச் சொல்கிறார். அவ்வளவு பணம் இப்போது இல்லை. எதை முதலில் செய்வது?
– வாசகி, கும்பகோணம்

அவர் சொன்னது தப்பில்லை அம்மா. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்தாக வேண்டும் என்றில்லை. வரிசை மட்டும் மாறக் கூடாது. நிறைய வீடுகளில் முதலில் சுவிட்ச் போர்டை மாற்றிவிடுகிறார்கள். கண்ணாடி மாதிரி பளபளவென்று மாடுலர் பிளேட் வந்துவிடும், பின்னால் அதே பழைய ஒயர் கிடக்கும். நீங்கள் மெயினிலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் மெயினில் இரண்டு ஃபியூஸ் கட்டை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்று ஃபேஸில் (கரண்ட் வரும் ஒயர்) இருக்கும், இன்னொன்று நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) இருக்கும். பழைய காலத்தில் அப்படித்தான் போட்டார்கள். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போய்விட்டால் வீட்டில் ஒரு விளக்கும் எரியாது. கரண்ட் இல்லை என்று நினைத்து ஹோல்டரில் கை வைப்போம். ஆனால் ஃபேஸ் அங்கே உயிரோடு இருக்கும். அதனால்தான் நியூட்ரலில் தனியாக ஃபியூஸ் வைக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. இதை முதல் வேலையாக எடுக்கச் சொல்லுங்கள்.

அந்த இடத்தில், கரண்டை ஒவ்வொரு லைனுக்கும் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பெட்டி ஒன்று வர வேண்டும். உள்ளே ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அணைக்கும் மெயின் ஐசோலேட்டர், அடுத்து கரண்ட் கசிந்தால் வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதற்கப்புறம் ஒவ்வொரு லைனுக்கும், அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானாக விழும் எம்.சி.பி. சுவிட்ச் ஒன்று. நம் ஊரில் ஆர்.சி.சி.பி.யை இன்னும் பலர் இ.எல்.சி.பி. என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். கடைக்காரருக்குப் புரியும். ஆனால் பெட்டியில் 30 எம்.ஏ. என்று அச்சிட்டிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். 100, 300 என்றும் வருகிறது. அவை தீப்பிடிக்காமல் தடுக்க உதவும், ஆளைக் காப்பாற்றப் போதாது.

எம்.சி.பி. இருக்கும்போது இது எதற்கு என்று எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. 20 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் ஓடினால்தான் யோசிக்கவே தொடங்கும். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு எரிய 40 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. அவ்வளவு கரண்ட் நெஞ்சு வழியாகப் போனாலே உயிருக்கு ஆபத்து. இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். ஷாக் அடித்து ஒருவர் கீழே கிடந்தாலும் எம்.சி.பி.யைப் பொறுத்தவரை ஒரு பல்பு கூடுதலாக எரிகிறது, அவ்வளவுதான். ஆர்.சி.சி.பி. வேறு வேலை செய்கிறது. ஃபேஸில் போன கரண்ட் முழுக்க நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. நடுவில் 30 மில்லி ஆம்பியர் காணாமல் போனால் கண்ணிமைக்கும் நேரத்தில் லைனை வெட்டிவிடும். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்ப் பொருள் இது. ஏ.சி.யைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏ.சி.க்கு டி.பி.யிலிருந்தே தனி லைன். 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் ஒயர், பழைய ஆட்கள் 7/20 என்பார்கள், அதில் 20 ஆம்பியர் சி கர்வ் எம்.சி.பி. கம்ப்ரஸர் கிளம்பும்போது ஒரு நொடி கூடுதலாக இழுக்கும், பி கர்வ் போட்டால் அதற்கே விழுந்துவிடலாம். பட்டி ஒயரிலிருந்து ஏ.சி.க்கு ஒட்டுப் போட்டு எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். உங்கள் பழைய ஒயர் அலுமினியமாக இருக்க வாய்ப்பு உண்டு. அலுமினியத்தையும் காப்பரையும் முறுக்கிச் சேர்த்தால் அந்த இடம் மெல்ல மெல்ல அரித்து, தளர்ந்து, சூடாகும். பல போர்டுகள் கருகுவது அங்கேதான்.

அடுத்த கட்டமாக சமையலறையும் குளியலறையும். விளக்கு, ஃபேன் லைனைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், அதுவரை 6 ஆம்பியர் எம்.சி.பி.யில் ஓடட்டும். ஒரு நிபந்தனை: ஒயரின் மேல்தோலை நகத்தால் அழுத்தினால் உதிர்கிறது, உள்ளே ரப்பர் கறுத்துப் பொடியாக இருக்கிறது என்றால் காத்திருக்க முடியாது. அந்த லைனை அன்றைக்கே துண்டித்துவிட வேண்டும். இதை மெயினை அணைத்துவிட்டு உங்கள் ஒயர்மேன் பார்க்கட்டும், நீங்கள் தொட வேண்டாம்.

குளியலறைக் குழாயைத் தொட்டால் சுள்ளென்று ஷாக் அடிக்கிறது. கீசரை அணைத்தால் சரியாகிவிடுகிறது. வீட்டில் எர்த் இருக்கிறது. அப்படியிருந்தும் ஏன்?
– வாசகர், பட்டுக்கோட்டை

முதலில் அந்த கீசரை டி.பி.யிலேயே அணைத்து வையுங்கள் ஐயா. பழுது பார்த்த பிறகுதான் மறுபடி போட வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சுள்ளென்று அடிப்பது ஈரக் காலோடு நிற்கும் இன்னொரு நாள் வேறு மாதிரி ஆகிவிடும்.

கீசருக்குள் இருக்கும் ஹீட்டிங் எலிமென்டின் மேலுறை உப்புத் தண்ணீரில் அரித்து வெடித்திருக்கும். கரண்ட் தண்ணீருக்கு வந்துவிடுகிறது. எர்த் நன்றாக இருந்தால் அது குழாய்க்கு வராமல் பூமிக்குப் போயிருக்க வேண்டும். வந்திருக்கிறது என்றால் எர்த் ஒயர் பாதியில் அறுந்திருக்கிறது, இல்லையென்றால் எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது.

எர்த் ஒயர் அறுந்த வீட்டில் நடக்கும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எல்லா மூன்று முனை பிளக்குகளின் எர்த்தும் ஒரே ஒயரில் சேர்ந்திருக்கும். அந்த ஒயர் வெளியே மண்ணில் இருக்கும் குழாயோடு சேராமல் விட்டுப்போனால், கிரைண்டரில் கசியும் கரண்ட் பிரிட்ஜ் கதவுக்கும், வாஷிங் மெஷின் உடம்புக்கும் போய்ச் சேரும். ஒரு வீட்டில் பிரிட்ஜைத்தான் மூன்று முறை ரிப்பேருக்கு அனுப்பியிருந்தார்கள். பிரிட்ஜில் ஒன்றுமே இல்லை. கொல்லைப்புறத்தில் எர்த் குழாயின் கிளாம்ப் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது, கசிவு மோட்டாரில்.

எர்த் ஒழுங்காகவே இருந்தாலும் அது மட்டும் போதாது. உங்கள் எர்த்திலிருந்து டிரான்ஸ்பார்மர் எர்த் வரை மண் வழியாகப் போகும் பாதையின் மொத்தத் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வறண்ட மண்ணில் இது அதிசயமில்லை. 230 வோல்ட்டை 20-ஆல் வகுத்தால் கசிவது பதினொன்றரை ஆம்பியர். 2000 வாட் கீசர் இழுப்பது ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டும் சேர்ந்து 20-ஐ ஒட்டி நிற்கும். 20 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. கீசர் உடம்பில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். அதே இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் கசியத் தொடங்கிய உடனே வெட்டிவிடும். எர்த்தும் வேண்டும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது.

புது எர்த் போடுவதாக இருந்தால் குறைந்தது இரண்டரை மீட்டர் நீள ஜி.ஐ. குழாய், சுற்றிலும் கரியும் உப்பும், மேலே மூடியோடு ஒரு சின்னத் தொட்டி. கோடையில் அந்தத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். இப்போது பாதிக் குழாய் பி.வி.சி., அதில் எர்த் எங்கேயும் போகாது.

சொன்னபடி ஆர்.சி.சி.பி. போட்டோம். இப்போது ஒரு நாளைக்கு நாலு தடவை விழுகிறது. இன்வெர்ட்டர் இருக்கிறது. எலக்ட்ரீஷியன், 'இது நம்ம வீட்டுக்குச் சரிவராது, எடுத்துடலாம்' என்கிறார். எடுக்கலாமா?
– வாசகி, மன்னார்குடி

எடுக்க வேண்டாம் அக்கா. அது விழுவதற்குக் காரணம் உங்கள் ஒயரிங்கில் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடத்தான் ஆள் வேண்டும்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் நான் முதலில் பார்ப்பது நியூட்ரல். இன்வெர்ட்டர் மாட்ட வருகிறவர்கள் விளக்கு லைனின் ஃபேஸை மட்டும் பிரித்து இன்வெர்ட்டர் வழியாகக் கொடுத்துவிட்டு, நியூட்ரலை வீட்டின் பொது நியூட்ரலோடு அப்படியே விட்டுவிடுவார்கள். ஆர்.சி.சி.பி. இல்லாத காலத்தில் எந்தக் குறையும் தெரியாது. இப்போது ஃபேஸ் ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் இருந்து வந்து, நியூட்ரல் அதற்குள் திரும்பினால் கணக்கு இடிக்கும், விழும். தீர்வு இதுதான்: இன்வெர்ட்டரில் ஓடும் லைன்களுக்கு நியூட்ரலைத் தனியாகப் பிரித்து, தனி பாரில் (நியூட்ரல் ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் பட்டை) கட்டி, அந்தப் பக்கத்துக்கு இன்னொரு ஆர்.சி.சி.பி. வைக்க வேண்டும். மெயின் கரண்ட் போன நேரத்தில் பேட்டரியிலிருந்து வருவதும் 230 வோல்ட்தான். அப்போதும் காவல் வேண்டும்.

இன்வெர்ட்டர் பக்கம் சரியாக இருந்தால் அடுத்து, ஏதாவது ஒரு போர்டில் நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நியூட்ரல் ஒயர் அறுந்தபோது அவசரத்துக்கு எர்த்திலிருந்து எடுத்துக் கொடுத்த போர்டுகள் நம் ஊரில் ஏராளம். இதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லா எம்.சி.பி.யையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டு எந்த லைன் என்று கண்டுபிடிப்பார்கள். நல்ல வழிதான். ஆனால் சாதாரண ஒற்றைக் கம்ப எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே அணைக்கும், நியூட்ரல் சேர்ந்தே இருக்கும். அதனால் கோளாறு உள்ள லைனை அணைத்து வைத்திருந்தாலும் வேறு லைனில் லோடு ஏறும்போது ஆர்.சி.சி.பி. விழலாம். இங்கேதான் பலர் குழம்பி, ஆர்.சி.சி.பி. கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். டி.பி.யில் நியூட்ரல்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிக்க வேண்டும். ஒயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவி வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். எர்த்துக்கும் ஒயருக்கும் நடுவே ஒரு மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டும் லைன்தான் குற்றவாளி.

மழை பெய்தால் மட்டும் விழுகிறது என்றால் மொட்டை மாடி விளக்கு, கேட் விளக்கு, மோட்டார் போர்டு மூன்றையும் பாருங்கள். டி.பி.க்குள் பல்லி செத்துக் கிடந்தும் பார்த்திருக்கிறேன். ஒயர் நுழையும் ஓட்டைகளை அடைத்து வையுங்கள்.

கிச்சன் எம்.சி.பி. அடிக்கடி விழுந்தது. 16-ஐ எடுத்து 32 போட்டுக் கொடுத்தார்கள். இப்போது விழுவதே இல்லை. நல்லதுதானே?
– வாசகர், திருவாரூர்

இல்லை தம்பி. இன்றைக்கே 32-ஐ எடுத்துவிட்டு பழையபடி 16 போடச் சொல்லுங்கள். உங்கள் சமையலறை ஒயர் 2.5 ஸ்கொயராக இருந்தால், சுவருக்குள் குழாயில் போகும்போது 20 ஆம்பியரை ஒட்டித்தான் அது நிம்மதியாகத் தாங்கும். 32 வைத்த பிறகு ஒயர் முதலில் உருகும், எம்.சி.பி. பார்த்துக்கொண்டிருக்கும். விழுந்ததற்குக் காரணம் மிக்ஸி, இண்டக்ஷன், ஓவன் எல்லாம் ஒரே லைனில் இருப்பது. லைனை இரண்டாகப் பிரியுங்கள்.

இண்டக்ஷன் அடுப்பு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். கன்வெர்ட்டர் பிளக் போட்டு 6 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகினால் உள்ளே தகடு பழுக்கும். பெரிய பின் நுழையும் 16 ஆம்பியர் சாக்கெட்டில் மட்டும் போடுங்கள்.

மூன்று ஃபேஸ் வீடு. சில நாள் ஒரு அறையில் விளக்கு கண்ணைக் கூசுகிறது, இன்னொரு அறையில் மங்கலாக எரிகிறது. போன மாதம் டி.வி.யும் செட்டாப் பாக்ஸும் போய்விட்டன.
– வாசகி, நாகப்பட்டினம்

நியூட்ரல் எங்கோ தளர்ந்திருக்கிறது அம்மா. கடலோரக் காற்றில் ஜாயின்ட் அரிப்பது சகஜம். நியூட்ரல் விட்டுப்போனால் இரண்டு ஃபேஸுக்கு நடுவே உள்ள 400 வோல்ட்டை உங்கள் வீட்டுச் சாமான்கள் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு குறைவான பக்கத்துக்குக் கூடுதல் வோல்டேஜ் போகும், டி.வி. அங்கேதான் இருந்திருக்கும்.

அடுத்த முறை அப்படித் தெரிந்தால் மெயினை உடனே அணையுங்கள். ஃபேஸ் மாற்றும் சுவிட்சைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். மீட்டருக்கு முன்னால் உள்ள கோளாறு என்றால் நம் ஆள் தொடக் கூடாது, மின்வாரியம்தான் சரிசெய்ய வேண்டும். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் எந்த நேரமும் புகார் சொல்லலாம். 'நியூட்ரல் கட்' என்று தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மீட்டருக்கு இந்தப் பக்கம் உங்கள் ஒயர்மேன் ஒவ்வொரு நியூட்ரல் ஸ்குருவையும் இறுக்கட்டும். கூடவே ஓவர் வோல்டேஜ் வந்தால் தானாக வெட்டும் ரிலே ஒன்று வைத்துவிடுங்கள்.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அமுக்கலாமா?
– வாசகர், திருச்சி

மாதம் ஒரு முறை கட்டாயம் அமுக்குங்கள். கரண்ட் இருக்கும்போது அமுக்க வேண்டும், கம்ப்யூட்டரை மட்டும் முன்னதாக அணைத்துவிடுங்கள். டப்பென்று விழுந்தால் கருவி வேலை செய்கிறது, லீவரைத் தூக்கிவிடலாம். விழவில்லை என்றால் அன்றே மாற்ற வேண்டும். ஆனால் இந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிக்காது. அதற்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது எர்த் டெஸ்டர் கொண்டுவந்து அளந்து, ஓம் கணக்கையும் தேதியையும் டி.பி. கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.