மதியத்தில் மங்கும் தெர்மல் கேமரா: கோளாறு குழாயிலா, லென்ஸிலா?

வாசகர் கேள்வி: 100 மி.மீ. குவியத் தூரமுள்ள எஃப்/1 (விட்டமும் குவியத் தூரமும் சமமான) ஜெர்மானியம் லென்ஸை அலுமினியக் குழாயில் பொருத்தித் தெர்மல் கேமரா செய்கிறோம். காலையில் படம் கூர்மையாக இருக்கிறது, மதிய வெயிலில் மங்கிவிடுகிறது. சிமுலேஷனில் குழாய் டிகிரிக்கு 2.4 மைக்ரான்தான் நீள்கிறது. குழாயைச் சூட்டில் அதிகம் நீளாத இன்வார் என்ற இரும்பு-நிக்கல் கலவையில் செய்தால் சரியாகுமா?

பதில்: வேண்டாம், காசுதான் வீணாகும். குழாயைப் பற்றி உங்கள் சிமுலேஷன் சொன்னது சரி. லென்ஸுக்குள் நடப்பதை அது கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஜெர்மானியத்தின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 4. சூடு ஏற ஏற அதுவும் ஏறும், டிகிரிக்குச் சுமார் 0.0004. ஒளிவிலகல் எண்ணில் 1 போக மீதி 3. 0.0004-ஐ அதால் வகுத்தால், டிகிரிக்குக் குவியத் தூரம் பத்து லட்சத்தில் 133 பங்கு குறைகிறது. லென்ஸ் விரிவதால் 6 பங்கு திரும்பக் கிடைக்கும். மிச்சம் 127 பங்கு, அதாவது 100 மி.மீ.க்கு 12.7 மைக்ரான். குவியம் லென்ஸை நோக்கி வருகிறது. குழாயோ சென்சாரை எதிர்த்திசையில் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து டிகிரிக்கு 15 மைக்ரான்! 10 மைக்ரான் அலைநீளத்தில் எஃப்/1 லென்ஸ் தாங்கும் பிசகு முன்னும் பின்னும் 20 மைக்ரான்தான். ஒன்றரை டிகிரிக்குள் எல்லை தாண்டிவிடும். இன்வார் போட்டால் அந்த 2.4 மட்டும் 0.1 ஆகும்.

மோட்டார் ஃபோகஸ் வைப்பதே எளிது என்பேன். அது முடியாதென்றால் சூட்டுக்கு இவ்வளவு மாறாத சால்கோஜெனைடு கண்ணாடியையோ ஜிங்க் செலினைடையோ சேர்த்து லென்ஸைத் திரும்ப வடிவமைக்க வேண்டும்.

வெயில் ஒரு பக்கம் மட்டும் அடித்தால் கைக்கணக்கு போதாது. குழாய் வளையும், லென்ஸ் சாயும், பிடிப்பு வளையம் விளிம்பை அழுத்தும். அப்போது முழு மாடல் தேவை. முதலில் வெப்பநிலைப் பரவல், அதை வைத்து உருமாற்றம், பிறகு ஒளிக்கதிர்க் கணக்கு. சறுக்குவது பெரும்பாலும் உருமாற்றத்தை ஒளிக்கதிர்க் கணக்குக்குக் கைமாற்றும்போதுதான். மேற்பரப்புப் புள்ளிகளின் நகர்விலிருந்து லென்ஸ் மொத்தமாக நகர்ந்ததையும் சாய்ந்ததையும் முதலில் பிரித்துவிடுங்கள்; மிஞ்சும் வடிவ மாற்றத்துக்கு மட்டும் ஸெர்னிகே (வட்டப் பரப்பின் கோணலை விவரிக்கும் பல்லுறுப்புக் கோவைகள்) பொருத்துங்கள். அச்சுத்திசை நகர்வை மட்டும் எடுக்காதீர்கள். வளைந்த பரப்பில் ஒரு புள்ளி பக்கவாட்டில் நகர்ந்தாலும் அந்த இடத்தின் உயரம் மாறும். உருமாறிய புள்ளிகளின் ஆயத்தொலைவுகளை ஐந்து இலக்கத்தில் எழுதினால் 43.271 மி.மீ. என்று நின்றுவிடும், நமக்கு வேண்டிய நானோமீட்டர் தொலைந்துபோகும். நகர்வுகளைத் தனிக் கோப்பாக எடுங்கள். லென்ஸும் வளையமும் ஒட்டியே இருப்பதாக மாடலில் வைத்தால் இல்லாத தகைவு வரும். உராய்வோடு தொடும் பரப்பாக வையுங்கள்.

மாடல் எவ்வளவு நுணுக்கமானாலும் அளந்து பார்க்காமல் நம்பக்கூடாது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 18 பெரிலியம் முதன்மை ஆடித் துண்டுகளையும் கடுங்குளிரில் வைத்து அளந்து, அங்கே தெரிந்த கோணலுக்கு எதிராகத்தான் அறைவெப்பத்தில் மெருகேற்றினார்கள். நீங்களும் கேமராவை வெப்ப அறையில் வைத்து, ஐந்தைந்து டிகிரியாக ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் சூடு நிலைத்த பிறகு கூர்மையான ஃபோகஸ் இடத்தைக் குறியுங்கள். வெப்பமானி லென்ஸின் விளிம்பிலேயே இருக்கட்டும், குழாயில் வேண்டாம். ஃபோகஸ் நகர்வது டிகிரிக்கு 15 மைக்ரானை ஒட்டி வந்தால் மோட்டாரை ஆர்டர் செய்யலாம். வெகுவாக விலகினால் வளையத்தின் இறுக்கத்தைப் பாருங்கள்.