அப்பாவின் புராஸ்டேட் ஆபரேஷனுக்கு விசிட்டர் இன்சூரன்ஸை நம்பாதீர்கள்

தம்பி, டல்லாஸ் வந்து எட்டு மாதம் ஆகிறது, ஜூனில் அப்பா அம்மா வருகிறார்கள், அப்பாவுக்கு 68 வயது, புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது, திருச்சி டாக்டர் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார், அமெரிக்காவுக்குக் கொஞ்ச நாள் வந்து போகிறவர்களுக்கான விசிட்டர் இன்சூரன்ஸ் போட்டு இங்கேயே லேசரில் முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. ஊரிலேயே செய்துகொள்ளட்டும். பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு டிக்கெட் போடுங்கள்.

ஏற்கெனவே இருக்கிற வியாதிக்குத் திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷனுக்கு வழக்கமான விசிட்டர் பாலிசிகள் பணம் தராது. விற்கிறவர்கள் 'ப்ரீ எக்ஸிஸ்டிங்கும் கவர் ஆகும் சார்' என்பார்கள். பாலிசியைத் திறந்து பாருங்கள், 'அக்யூட் ஆன்செட்' என்று இருக்கும். முன்னறிகுறி எதுவும் இல்லாமல் திடீரென்று வந்திருக்க வேண்டும், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும். மெல்ல மெல்ல முற்றுகிற வியாதி அதில் சேராது. புராஸ்டேட் வருடக்கணக்கில் மெல்லத்தானே வீங்குகிறது! கிளெய்மை மறுக்க அவர்களுக்கு அது போதும்.

நான் நியூ ஜெர்சி வந்த புதிதில் என் அப்பாவுக்கு இதுதான் நடந்தது. விமானத்தில் சளி பிடித்துவிட்டது. இங்கே இறங்கியதும் கடையில் ஒரு சளி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். அதில் சூடோஎஃபெட்ரின் இருந்தது. புராஸ்டேட் வீங்கியவர்களுக்கு அது சிறுநீரை அடைத்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு அடிவயிறு கல்லு மாதிரி ஆகி, ஒரு சொட்டுப் போகாமல் துடித்தார். எமர்ஜென்ஸிக்குக் கொண்டு போனோம், டியூப் போட்டு வடித்தார்கள். எத்தனை நாளாக இந்தப் பிரச்சினை என்று நர்ஸ் கேட்டார். மூன்று வருடம், டாம்சுலோசின் என்ற புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அப்பா உள்ளதைச் சொன்னார், நர்ஸ் அதைத் தட்டச்சு செய்துகொண்டார். கிளெய்மை மறுத்து வந்த கடிதத்தில் அந்த ஒரு வரியைத்தான் எடுத்துக் காட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரி பில் தனி, டாக்டர் பில் தனி, லேப் பில் தனி. அன்றைக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. பில்லிங் ஆபீஸுக்கு நானே நடந்து, ஒவ்வொரு செலவும் தனித்தனியாகப் போட்ட பில்லைக் கேட்டு வாங்கினேன். செய்யாத ஒரு பரிசோதனைக்குப் போட்டிருந்த தொகையை எடுக்க வைத்தேன். மீதியைத் தவணையில் கட்டி முடித்தேன்.

நம் ஆட்கள் இரண்டு யோசனை சொல்வார்கள், இரண்டையும் கேட்காதீர்கள். ஒன்று, பழைய வியாதியைச் சொல்லாதே என்பது. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாமல் டாக்டர் எப்படி மருந்து கொடுப்பார்? இன்சூரன்ஸ்காரர்களும் ஊரிலிருந்து பழைய ரிப்போர்ட்டைக் கேட்பார்கள். இன்னொன்று, எமர்ஜென்ஸியில் போய்ப் படுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடு, பில் என்ன செய்யும் என்பது. இதைப் பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். பின்னால் வருகிற எல்லா இந்தியக் குடும்பத்துக்கும் அது கெட்ட பெயர். இங்கே 1986 சட்டப்படி எமர்ஜென்ஸியில் யாரையும் பார்த்துத்தான் ஆக வேண்டும், ஆனால் ஆபத்து நீங்கும் வரைதான். டியூபும் பையும் மாட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆபரேஷன் அதில் வராது.

உங்கள் கம்பெனி இன்சூரன்ஸில் பெற்றோரைச் சேர்ப்பது பெரும்பாலும் நடக்காது. நாளைக்கு அப்பாவுக்குக் கிரீன் கார்டு வந்தாலும் 65 வயதானவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர் உடனே வராது, தொடர்ந்து 5 வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும். அதுவரை மார்க்கெட்பிளேஸ் என்கிற அரசு இன்சூரன்ஸ் சந்தையில் பிளான் வாங்கலாம். பழைய வியாதி என்று அங்கே மறுக்க முடியாது.

நல்ல இன்சூரன்ஸ் இருந்தாலும் அசந்து இருக்க முடியாது என்பதை எனக்கே புராஸ்டேட் வீங்கியபோது பார்த்தேன். ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன் அனுமதி கேட்டதற்கு மறுத்துவிட்டார்கள். சிகிச்சையின் சிபிடி கோடு, அதாவது பில்லில் அந்தச் சிகிச்சையைக் குறிக்கும் எண், என்ன, எந்த விதிப்படி மறுத்தீர்கள் என்று போனில் கேட்டு எழுதிக்கொண்டேன், பேசியவர் பெயரையும் ரெஃபரன்ஸ் நம்பரையும் சேர்த்து. மாத்திரை சாப்பிட்டும் பயனில்லை என்பதற்கான பதிவு, சிறுநீர் வேகப் பரிசோதனை, கழித்த பிறகு சிறுநீர்ப்பையில் எவ்வளவு தங்குகிறது என்ற ஸ்கேன், எல்லாவற்றையும் டாக்டர் கடிதத்தோடு இணைத்து அப்பீல் போட்டேன். அதற்கு 180 நாள் அவகாசம் உண்டு. அனுமதி வந்தது. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ஆஸ்பத்திரி மூன்றும் என் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்டுக்கொண்டுதான் தேதி வாங்கினேன்.

ஊரில் அப்பாவுக்குப் பாலிசி இருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். இந்தியப் பாலிசிகள் பலவற்றில் புராஸ்டேட்டுக்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு. அது முடிந்திருந்தால் திருச்சியிலேயே கேஷ்லெஸ் கேட்கலாம்.

குளிர் கோட்டு, குக்கர், பாஸ்மதி எந்தக் கடை என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள், அதை டல்லாஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆபரேஷன் முடிந்து வந்தாலும் விசிட்டர் இன்சூரன்ஸ் கட்டாயம் எடுங்கள், விழுந்து கை கால் உடைந்தால் அது வேண்டும். இத்தனை டாலர்தான் என்று ஒவ்வொன்றுக்கும் வரம்பு கட்டிய மலிவுப் பிளான் வேண்டாம், காம்ப்ரஹென்சிவ் எடுங்கள். மாத்திரைச் சீட்டை மருந்தின் ஜெனெரிக் பெயரோடு டாக்டரிடம் எழுதி வாங்கி, கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.